செத்த பேட்டரியும் பசித்த பேட்டரியும்



நம் தோட்டத்து வீடு ஒன்றில் எத்தனை பேட்டரிகள் இருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் ஒன்று. மருந்தடிக்கும் முதுகுப் பம்பு மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதன் அடியில் ஒன்று. கரண்டு போனால் எரியும் அவசர விளக்கில் ஒன்று. கார் இருந்தால் அதில் பெரிதாக இன்னொன்று. அவை ஒழுங்காக வேலை செய்கிற வரையில் அவற்றின் நினைவே நமக்கு வராது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால், ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அப்போதுதான் பேட்டரியைத் திட்டுவோம். கடைக்காரரோ, “செத்துப் போச்சு, புதுசு மாத்துங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கூலிக் காசில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும்.

கடைக்காரர் சொல்வது பல வேளைகளில் உண்மைதான். ஆனால் எல்லா வேளையிலும் அல்ல. செத்தது என்று தூக்கி எறியப்படும் பேட்டரிகளில் சில, பசியால் மயங்கிக் கிடப்பவை. அவற்றை எழுப்பி இன்னும் சில மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டு கூட வேலை வாங்கலாம். மற்றவை உண்மையிலேயே செத்தவை. அவற்றுக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. அவற்றை வீட்டில் வைத்து உடைத்துப் பார்ப்பதால் வரும் கேடோ, பேட்டரியின் விலையைக் காட்டிலும் பல மடங்கு பெரியது. இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நாம் சொல்வது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பேட்டரியைப் பற்றி. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தது அது. மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியும் அதுவே. தோட்டத்து மூத்தவர்களுக்கு அது பழைய நண்பன். நம் நாட்டில் 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, லயங்களில் முழுநேர மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில், கார் பேட்டரியை வைத்துப் படம் பார்த்த வீடுகள் உண்டு. பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய், சார்ஜ் போடும் கடையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கி வருவார்கள். மறுபடியும் இருட்டுவதற்குள் வந்து சேர வேண்டுமே என்று வீடே காத்திருக்கும். அந்தக் கடைக்காரர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த விஷயங்கள் பலவும் இன்றைக்கும் செல்லும்.

பேட்டரிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரி என்பது உண்மையில் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து இருக்கும் 6 அறைகள். ஒவ்வோர் அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். அறைக்குள் இரண்டு வகைத் தகடுகள் இருக்கின்றன. ஒன்று பழுப்பு நிறமான ஈய ஆக்ஸைடு, மற்றொன்று கடற்பஞ்சு போல் துளை நிறைந்த சாம்பல் நிற ஈயம். இரண்டும் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். நாம் விளக்கெரிக்கும்போது அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது. அமிலம் வெறும் தண்ணீரை நோக்கி நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இதே காரியம் திரும்பி நடக்கிறது. படிந்தது கரைகிறது, அமிலம் பழைய உறைப்பைப் பெறுகிறது.

ஆகவே வெண்மை படிவது நோயல்ல. பேட்டரி வேலை செய்வதே அப்படித்தான். படிந்ததை உடனே கரைக்காமல் விட்டு வைப்பதுதான் நோய். புதிதாகப் படிந்த சல்ஃபேட் மாவுபோல் நைசாக இருக்கும். சார்ஜ் ஏறியவுடன் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் அந்த மாவு சிறிது சிறிதாகக் கல்லாக உறைகிறது. தகட்டின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. பிறகு சார்ஜ் ஏற்றினாலும் மின்சாரம் உள்ளே நுழைய மறுக்கிறது. சர்க்கரைப் பாகு பாத்திரத்தை உடனே கழுவினால் வெந்நீர் போதும். ஒரு வாரம் போட்டு வைத்தவரைக் கேட்டால் தெரியும்.

இந்த நோய் நம் தோட்டங்களில் எப்படி வருகிறது என்பதற்கு மருந்துப் பம்பே நல்ல உதாரணம். ஒரு சுற்று மருந்தடித்து முடிந்ததும் பம்பைக் கழுவிக் கொட்டகையில் வைத்துவிடுகிறோம். பேட்டரி காலியாக இருக்கிறது. “அடுத்த சுற்றுக்கு முதல் நாள் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்” என்று நினைக்கிறோம். இடையில் மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. அந்த நாட்களில்தான் உள்ளே கல் உறைகிறது. அவசர விளக்கும் அப்படியே. மின்தடையின் போது எரிந்து தீர்ந்ததை அலமாரியின் மேல் தூக்கி வைத்தால் அதன் கதை முடிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வேறொரு வழியில் இதே நோய் வருகிறது. லயத்திலிருந்து பெரட்டுக்கு, அங்கிருந்து வெளிக்காட்டுக்கு, பிறகு வீட்டுக்கு என்று குறுக ஓட்டி, ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்திக் கிளப்பினால், செலவழித்த மின்சாரத்தை அந்தச் சிறிய ஓட்டம் ஈடு செய்வதில்லை. பேட்டரி எப்போதும் அரைப்பட்டினியில் இருக்கும். உதைத்துக் கிளப்பும் வசதி வண்டியில் இருந்தால் அதைப் பயன்படுத்துவது பேட்டரிக்குச் செய்யும் உபகாரம்.

இதற்கு மேல் நம் நாட்டு வெப்பம் வேறு. 25 டிகிரியில் பேட்டரி வாழும் ஆயுள், அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சும்மா வைத்த பேட்டரியிலும் சார்ஜ் தானாகக் குறையும். வெப்பம் மிகுந்தால் வேகமாகக் குறையும். தகரக் கூரைக்கு அடியில் வைக்காமல், வீட்டில் குளிர்ந்த இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, கம்பி இணையும் முனைகள். அவற்றின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்துப் பழைய பல் தூரிகையால் ஈரமாகவே தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்தபடி சுரண்டி ஊதக் கூடாது. அந்தப் பூப்பிலும் ஈயம் உண்டு. இதோடு சரியாகிப் போன “செத்த” பேட்டரிகள் எத்தனையோ. இரண்டாவது, வண்டியே பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறதா என்பது. வோல்ட் பார்க்கும் சிறிய கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது; நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தாலும் போதும். இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை வண்டியில். அந்த நிலையில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் சில நாளில் பட்டினி கிடக்கும்.

பிறகு பேட்டரியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கழற்றும்போது எதிர்முனையை, அதாவது கழித்தல் குறி போட்ட முனையை முதலில் அவிழ்க்க வேண்டும். கையில் மோதிரமோ வெள்ளிக் காப்போ இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். குனிந்து வேலை செய்யும் பெண்கள் கழுத்துச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓர் உலோகம் பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அது பழுக்கக் காய்ந்துவிடும். பெட்டி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றும் வகையானால் மூடியைத் திறந்து பார்க்கலாம். உள்ளே அமிலம் தெளிவாக இருக்க வேண்டும். குழம்பிய பழுப்பு நிறமாக இருந்தால் தகட்டின் சத்து உதிர்ந்து கலந்துவிட்டது என்று பொருள். உதிர்ந்ததை மறுபடியும் தகட்டில் ஒட்ட வைக்க யாராலும் முடியாது.

வோல்ட் கணக்கு இது: முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் பசி முற்றிவிட்டது. சார்ஜ் ஏற்றி ஓய வைத்த பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால், ஆறு அறைகளில் ஓர் அறை உள்ளுக்குள்ளேயே இணைந்து செத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு கால் ஒடிந்த நாற்காலிதான் அது. மற்ற ஐந்தும் நல்லவையாக இருந்தும் பயனில்லை.

இந்தச் சோதனைகளில் தேறியதை மட்டும் எழுப்பிப் பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றும் வகையில் தகடு வெளியே தெரிகிறதென்றால், முதலில் தகடு மூழ்கும் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். மேல்கோடு வரை ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகே. முன்னமே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கூரையில் வழிந்த மழைத் தண்ணீரும் வேண்டாம். அதில் கூரையின் துத்தநாகமும் தூசியும் சேர்ந்திருக்கும். புதிதாக அமிலம் ஊற்றுவது பெருந்தவறு. குறைந்தது தண்ணீர்தான், அமிலத்தின் சத்து தகட்டிலேயே ஒட்டியிருக்கிறது. மேலும் அமிலம் சேர்த்தால் இரண்டு நாள் வேகமாக வேலை செய்வது போல் தோன்றும். அதற்குள் தகட்டை அரித்துவிடும்.

அடுத்தது சார்ஜ். இதில் அவசரம் உதவாது. சாதாரணமாகப் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வைத்து ஏற்றலாம். 5 ஆம்பியர்-மணி கொள்ளும் மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். கல் உறைந்த பேட்டரிக்கு அதிலும் பாதிக்குக் குறைத்து, 0.2 ஆம்பியர் அளவில் இரண்டு மூன்று நாள் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே விருந்து போடுவோமா? கஞ்சித் தண்ணீர்தான் கொடுப்போம். தொடக்கத்தில் வோல்ட் மடமடவென்று ஏறி, “நிரம்பிவிட்டது” போல் ஏமாற்றும். மெல்லிய மின்சாரத்தில் கல் சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கியதும் வோல்ட் இறங்கிப் பிறகு நிதானமாக ஏறும். அப்படி இறங்கி ஏறினால் நம்பிக்கை வைக்கலாம். கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் உடனே நிறுத்தி ஆற வைக்க வேண்டும். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரைச் சிறிய பேட்டரியில் மாட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

அந்தக் காலத்துச் சார்ஜ் கடைகளில் இன்னொரு முறையும் இருந்தது. நீர்த்துப்போன அமிலத்தை வடித்துவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பி, நாள் கணக்கில் மெல்லச் சார்ஜ் ஏற்றிக் கல்லைக் கரைப்பார்கள். பிறகு சரியான அமிலம் ஊற்றுவார்கள். அது பட்டறை வேலை. கையுறையும் கண்ணாடியும் அமிலத்தை ஒப்படைக்க வழியும் இல்லாத வீட்டில் செய்யும் வேலை அல்ல.

பம்பிலும் அவசர விளக்கிலும் இருக்கும் மூடிய பேட்டரிகளைப் பற்றிக் கேட்பீர்கள். மேல் தட்டை நெம்பி எடுத்து, ரப்பர் மூடிகளை விலக்கி, அறைக்கு ஓரிரு சொட்டு மருந்துக் குழாயளவு தண்ணீர் விடுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே காய்ந்து போயிருந்தால் கொஞ்சம் உயிர் வருவதும் உண்டு. ஆனால் அது நெம்பித் திறப்பதற்காகச் செய்த பெட்டியல்ல. மூடும் பிடிப்பு போனால் அமிலம் கசிந்து முதுகில் வழியும். முதுகில் சுமக்கும் பம்புக்கு இந்த வைத்தியம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மெதுவான சார்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஏற்றும் இடம் முக்கியம். தண்ணீர் சிதைந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆகவே கட்டிலுக்கு அடியிலும் சமையல் அடுப்பின் பக்கத்திலும் சாமி விளக்கின் கீழும் வைக்கக் கூடாது. பின்கட்டில், மழை படாமல், காற்றோட்டமாக, பிள்ளைகளுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். கம்பிகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அடைத்த பிறகே கம்பிகளைக் கழற்ற வேண்டும். அமிலம் உடம்பில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். சோடா மாவு தரையில் சிந்தியதற்குத்தான். கண்ணுக்கும் தோலுக்கும் அல்ல.

எழுந்த பேட்டரி எவ்வளவு தேறியது என்று அறிய ஒரு சைகை விளக்குப் பல்பு போதும். 12 வோல்ட், 10 வாட் பல்பு ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதைச் சுமார் 5 மணி நேரமும், பம்பில் உள்ள 8 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 8 மணி நேரமும் எரிக்கும். கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். வோல்ட் 10.5-க்கு இறங்கியதும் பல்பைக் கழற்றி உடனே சார்ஜில் போட்டுவிட வேண்டும். பாதி நேரத்துக்கு மேல் தாங்கினால் இன்னும் வேலை வாங்கலாம். ஒரு மணி நேரம் கூடத் தாங்காவிட்டால் இன்னொரு தடவை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். மறுபடியும் அப்படியே என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இங்கேதான் ஆசை குறுக்கே வருகிறது. “பேதி உப்பைக் கரைத்து ஊற்று, ஆஸ்பிரின் மாத்திரை போடு, இந்தத் தூளை வாங்கிக் கொட்டு” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆஸ்பிரின் அமிலத்தில் சிதைந்து காடியின் அமிலமாக மாறித் தகட்டைத் தின்னும். தூள்களின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெஸ் ரிச்சி என்பவர், சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும், அதாவது நம் பேதி உப்பும், கலந்த தூள் ஒன்றை ஏ.டி.எக்ஸ்-2 என்ற பெயரில் விற்றார். செத்த பேட்டரி உயிர் பெறும் என்றார். வாங்கியவர்கள் பலர் அது உண்மை என்றே சாட்சி சொன்னார்கள். அந்நாட்டு அரசாங்க அளவை நிலையம் சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்றது. அதற்காக அதன் தலைவர் ஆலன் ஆஸ்டின் 1953-இல் பதவி விலகச் சொல்லப்பட்டார். அறிவியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர் மறுபடியும் பதவியில் அமர்த்தப்பட்டார். தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் ஆராய்ந்து, நிலையத்தின் முடிவே சரி என்றது. அப்படியானால் சாட்சி சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. தூளைப் போட்டவர்கள் கூடவே தண்ணீர் ஊற்றினார்கள், மெதுவாகச் சார்ஜும் ஏற்றினார்கள். எழுப்பியது அந்தச் சார்ஜ். பெயர் தூளுக்குப் போயிற்று. நம் ஊர்த் தூள்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வார்த்தை இடையில். கைத்தொலைபேசியிலும் சில புதிய பம்புகளிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. நாம் சொன்ன எதையும் அதில் செய்து பார்க்காதீர்கள். அடியோடு காலியாகிக் கிடந்த லித்தியத்தைக் கட்டாயப்படுத்தி எழுப்பினால் உள்ளே இணைந்து தீப்பிடிக்கலாம். உப்பிப் போனதைச் சார்ஜில் போடவே கூடாது.

கடைசியாக, செத்தது என்று உறுதியான ஈயப் பேட்டரியின் சேதி. அதை உடைத்து ஈயத்தை உருக்கி, வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்க்கலாம் என்ற எண்ணம் ஆற்றோரத் தோட்டங்களில் புதிதல்ல. பழைய தகரத்தில் போட்டு விறகடுப்பில் வைத்தால் எளிதில் உருகிவிடும், அதுதான் ஆபத்து. புகையும் தூளும் முற்றத்து மண்ணில் படியும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், விரலை வாயில் வைக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்கார் அருகே தியாரோய் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் எடுக்கும் தொழில் நடந்தது. ஈயம் கலந்த மண்ணுக்கும் விலை கிடைத்தபோது, மக்கள் அதைச் சலித்தார்கள். மூட்டை கட்டி வீட்டுக்கும் கொண்டு வந்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. உலகச் சுகாதார நிறுவனம் ஆட்களை அனுப்பிப் பார்த்தபோது, இறந்த பிள்ளைகளின் உடன்பிறந்தோருக்கும் தாய்மாருக்கும் இரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அவர்களும் நம்மைப்போல் நாலு காசு சேர்க்க நினைத்தவர்களே.

ஈயம் உடலில் சேர்வதற்கு இவ்வளவு சேரலாம் என்ற பாதுகாப்பான அளவே கிடையாது என்று அந்நிறுவனம் சொல்கிறது. கொஞ்சமாகச் சேர்ந்தால் பிள்ளை சாகாது; ஆனால் மூளை வளர்ச்சி குன்றும், பாடம் ஏறாது, காரணமில்லாமல் எரிச்சல்படும். வயிற்று வலியும் மலச்சிக்கலும் சோகையும் வரலாம். நாம் பூச்சி என்று நினைத்துப் பேதி மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை செய்பவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தகப்பனாரின் வேலையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காமல், குளித்து உடுப்பு மாற்றிய பிறகு தூக்க வேண்டும். அந்த உடுப்பை மற்ற துணிகளோடு ஊற வைக்கவும் கூடாது.

மலேசியாவில் பழைய ஈயப் பேட்டரி, 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு; அதற்கு எஸ்.டபிள்யூ. 102 என்று எண்ணும் உண்டு. குப்பைக் குழியில் போடவோ ஆற்றில் எறியவோ கூடாது. உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை இருப்பதால், புதிய பேட்டரி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தரும் கடைகள் உண்டு. பேரம் பேசுங்கள், சும்மா கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. கொண்டு போகும்போது முனைகளில் ஒட்டு நாடாவைச் சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் வாளியை வெளியிலேயே கழுவிக் கவிழ்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். அந்த வாளி இனிச் சமையல் வேலைக்கு ஆகாது.